ஒரு உருவம் என்றால் பத்து நிமிடம், இரண்டு என்றால் இரண்டு மணி நேரம்: ஐரே ரெண்டரில் பழுது எங்கே?

கேள்வியை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். உங்களிடம் 8 ஜிபி மெமரி உள்ள என்விடியா கிராபிக்ஸ் கார்டு (ஜிபியு) இருக்கிறது. முப்பரிமாண உருவங்களை வைத்துப் படம் அமைக்கும் டாஸ் ஸ்டுடியோ நிரலில், ஐரே என்ற வரைபொறி வழியாக ரெண்டர் செய்கிறீர்கள், அதாவது காட்சியை முடிந்த படமாக வரைய வைக்கிறீர்கள். ஜெனிசிஸ் 8 என்ற ஆயத்த மனித உருவம் ஒன்று மட்டும் இருந்தால் 1920×1080 படம் பத்து நிமிடத்தில் முடிகிறது. இரண்டாவது உருவத்தையும் ஓர் அறையையும் சேர்த்தால் இரண்டு மணி நேரம் ஓடி, புள்ளி புள்ளியாகவே நின்றுவிடுகிறது. யாரோ சொன்னதைக் கேட்டு அட்வான்ஸ்டு பகுதியில் ஒரு டிக்கை எடுத்தபின் படம் முழுக்கக் கறுப்பாக வந்தது. கண்ணைச் சுற்றிக் கறுப்புத் திட்டு, சட்டையைக் கிழித்துக்கொண்டு தெரியும் தோள்பட்டை என்று இன்னும் இரண்டு குறைகள். டிரைவரை மாற்று என்கிறார் ஒருவர், புள்ளிகளைத் துடைக்கும் டிநாய்சர் போடு என்கிறார் இன்னொருவர், புதுக் கார்டு வாங்கு என்கிறார் மூன்றாமவர். "இதில் யாரை நம்புவது?" என்று முடித்திருக்கிறீர்கள். மூவரும் மருந்து சொல்லியிருக்கிறார்கள், நோய் இன்னதென்று ஒருவரும் பார்க்கவில்லை. நீங்கள் சொன்ன அறிகுறிகளிலேயே பாதி விடை இருக்கிறது, அதிலிருந்தே தொடங்குவோம்.

அந்த இரண்டு மணி நேரம் தற்செயல் இல்லை. ரெண்டர் செட்டிங்ஸில் மேக்ஸ் டைம் என்ற எண்ணைப் பாருங்கள். நீங்கள் தொடாமல் விட்டிருந்தால் 7200 என்று இருக்கும். அது விநாடிக் கணக்கு, சரியாக இரண்டு மணி நேரம். அதாவது படம் முடிந்ததால் ரெண்டர் நிற்கவில்லை, நேரம் முடிந்ததால் நின்றிருக்கிறது. பத்து நிமிட வேலை இவ்வளவு இழுப்பதற்கு மிகப் பொதுவான காரணம், காட்சி கார்டின் மெமரிக்குள் அடங்காமல் போய், ஐரே வேலையைக் கணினியின் பொதுச் செயலியான, இதற்கு மிக மெதுவான சிபியுவிடம் ஒப்படைத்துவிடுவது. கறுப்புப் படமும் இதோடு பொருந்துகிறது: நீங்கள் எடுத்த டிக், சிபியுவுக்குப் போக அனுமதி தரும் டிக்காக இருந்தால், கார்டாலும் முடியவில்லை, சிபியுவும் கிடையாது என்ற நிலையில் ஐரேவுக்கு வரைய ஆளே இல்லை. கறுப்புத்தான் வரும்.

ஆனாலும் இது வலுவான ஊகம்தான். உறுதி செய்வது, நிரல் தான் செய்ததையெல்லாம் பதிந்துவைக்கும் லாக் கோப்பு. ஹெல்ப் மெனுவில் ட்ரபிள்ஷூட்டிங் என்பதற்குள் வியூ லாக் ஃபைல் இருக்கிறது. ரெண்டர் நின்றதும் அதைத் திறந்து கீழிருந்து மேலாகப் படியுங்கள். கடைசியில் எந்தச் சாதனம் எத்தனை இட்டரேஷன் (படத்தை ஒரு சுற்று வரைவது) செய்தது என்ற கணக்கு இருக்கும். அங்கே உங்கள் கார்டின் பெயருக்கு எதிரே நூற்றுக்கணக்கில் எண் இருந்தால் கார்டு வேலை செய்திருக்கிறது, பழுது வேறு. சிபியு மட்டும் இருந்தால் மேலே தேடிப் போங்கள். மெமரி போதவில்லை என்றும், ஜிபியுக்கள் தோற்றன என்றும் பிழை வரிகள் இருக்கும். முதலில் வரும் பிழை வரிதான் முக்கியம். அதன் பிறகு வருபவை பெரும்பாலும் அதன் விளைவுகள், அவற்றைத் துரத்தினால் நேரம்தான் போகும்.

லாக் படிக்கப் பொறுமை இல்லை என்றால், பொருளை மறைக்கவும் காட்டவும் உதவும் கண் ஐகானை வைத்தே ஒரு சோதனை செய்யலாம். நிரலை மூடித் திறங்கள். காட்சியை அமைக்கும் சாளரமான வியூபோர்ட்டை ஐரே முன்னோட்டத்தில் விடாமல் டெக்ஸ்சர் ஷேடடுக்கு மாற்றுங்கள். சீன் பட்டியலில் இரண்டாவது உருவத்தின் கண் ஐகானை அணைத்து ரெண்டர் செய்யுங்கள். அடுத்து அந்த உருவத்தை மீட்டு, அறையை மறைத்துச் செய்யுங்கள். மறைத்த பொருள் ஐரேவுக்குப் போவதில்லை. இரண்டு சோதனையிலும் வேகம் திரும்பிவந்தால், தனிப்பட்ட எந்தப் பொருளும் கெட்டுப்போகவில்லை, கூட்டுத்தொகைதான் மிஞ்சுகிறது. ஒன்றை மறைத்தால் மட்டும் திரும்பினால் சுமை அந்தப் பொருளில். நிரலை மூடித் திறக்கச் சொன்னது சும்மா இல்லை: முடிந்த ரெண்டரின் சாளரத்தைத் திறந்தே வைத்திருந்தால் அது பிடித்த மெமரி விடுபடாது. முதல் ரெண்டர் வேகம், அதே காட்சியின் மூன்றாவது ரெண்டர் ஆமை என்று பலர் குழம்புவது இதனால்தான்.

மெமரி எங்கே போகிறது என்ற கணக்கு தெரிந்தால் எதைக் குறைப்பது என்பது தானாக விளங்கும். ஒரு டெக்ஸ்சர் கோப்பு, அதாவது உருவத்தின் மேல் போர்த்தும் படம், டிஸ்கில் 3 எம்பி ஜேபெக்காக இருப்பதில் பொருளே இல்லை. கார்டுக்குள் போகும்போது அது விரிந்துவிடும். 4096×4096 வண்ணப் படம், ஒரு புள்ளிக்கு (பிக்சலுக்கு) மூன்று பைட் வீதம் 48 எம்பி. 8192 என்றால் 192 எம்பி. ஜெனிசிஸ் 8 உருவத்துக்கு முகம், உடல், கை, கால் என்று நான்கு பெரிய பரப்புகள். ஒவ்வொன்றுக்கும் நிறம், ட்ரான்ஸ்லூசென்சி (ஒளி ஊடுருவல்), ரஃப்னெஸ் (சொரசொரப்பு), பம்ப், நார்மல் (இரண்டும் நுண்ணிய மேடுபள்ளம்) என்று ஐந்து மேப், அதாவது ஐந்து டெக்ஸ்சர் படம் வைத்தால் இருபது மேப், சுமார் 960 எம்பி. கண், வாய், இமை, முடி, உடுப்பு எல்லாம் இதற்கு மேல். சாம்பல் நிற மேப்புகள் குறைவாகவே பிடிக்கலாம், ஐரே தன் பங்குக்குச் சுருக்கவும் செய்யும். ஆகவே இதை உச்ச வரம்பாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் விகிதம் மாறாது: 4096-ஐ 2048 ஆக்கினால் கால் பங்கு, 1024 ஆக்கினால் பதினாறில் ஒரு பங்கு. ஒப்பிட்டுப் பாருங்கள், 1920×1080 படத்தின் ஒரு வண்ண அடுக்கு புள்ளிக்குப் பதினாறு பைட் வைத்தாலும் சுமார் 32 எம்பிதான். "படத்தின் அளவைக் குறை" என்ற அறிவுரை மெமரி விஷயத்தில் பெரிதாக உதவாமல் போவது இதனால்.

சுருக்கம் என்றதும் சொல்ல வேண்டிய ஒன்று: ரெண்டர் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டில் டெக்ஸ்சர் கம்ப்ரெஷனுக்கு இரண்டு எண்கள் உண்டு, வழக்கமாக 512, 1024. இது தரத்தின் அளவு இல்லை, வாசற்படி. அந்த அளவைத் தாண்டும் படம் சுருக்கப்படும். தோல் தெளிவாக வரட்டும் என்று இரண்டையும் 4096, 8192 என்று ஏற்றச் சொல்லும் ஆலோசனை நிறைய உலவுகிறது. முகத்தை மட்டும் நெருக்கத்தில் எடுக்கும் ஒற்றை உருவப் படத்துக்கு அது சரி. நார்மல் மேப்பில் சுருக்கத்தால் கட்டம் கட்டமாகத் தெரிவது அங்கே குறையும். இரண்டு உருவமும் அறையும் உள்ள காட்சியில் அதையே செய்தால் 8 ஜிபியைத் தாண்டுவதற்கு அதுவே போதும். நீங்கள் அந்த எண்களை ஏற்றியிருந்தால் முதலில் பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள். வேறெதுவும் செய்யாமலே தீர்ந்தாலும் தீரும்.

தீராவிட்டால் டெக்ஸ்சரைக் குறைக்க வேண்டியதுதான். எவ்வளவு என்பதற்குப் படத்தையே கேளுங்கள். 1080 புள்ளி உயரப் படத்தில் பின்னால் நிற்கும் உருவம் தலை முதல் கால் வரை 900 புள்ளி உயரம் என்று வையுங்கள். மனித உயரத்தில் தலை ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு, ஆகவே முகம் 110 புள்ளிதான். அதற்கு 4096 மேப் வீண். 1024 வைத்தாலே தாராளம். மேப்பின் அளவு, திரையில் அந்தப் பரப்பு பிடிக்கும் புள்ளிகளைப்போல் இரண்டு மூன்று மடங்கு இருந்தால் போதும் என்பது என் அளவுகோல். குறைத்த படங்களைப் புதுப் பெயரில் வேறு கோப்புறையில் வையுங்கள். மூலத்தின் மேலேயே எழுதிவிடாதீர்கள், அதே தோலைப் பயன்படுத்தும் பழைய காட்சிகள் எல்லாம் சேர்ந்து கெடும். பிறகு சர்ஃபேசஸ் பகுதியில் ஒவ்வொரு மேப்பாக மாற்றிக் காட்சியை வேறு பெயரில் சேமியுங்கள். தூரத்து உருவத்துக்கு பம்ப், நார்மல் இரண்டையும் எடுத்துவிட்டாலே வித்தியாசம் தெரியாது. உடுப்புக்குள் முழுக்க மறைந்த உடல் பரப்புக்கு எந்த மேப்பும் தேவையில்லை. பின்னணியில் பலர் நின்றால் எல்லோருக்கும் ஒரே தோல் கோப்புகளைக் கொடுத்து, நிறத்தை மட்டும் சர்ஃபேஸில் சற்று மாற்றுங்கள். ஒரே கோப்பு ஒரு முறைதான் ஏறும். அதையே இன்னொரு பெயரில் நகலெடுத்தால் இரண்டாக ஏறும் என்பதையும் மறக்க வேண்டாம்.

டெக்ஸ்சருக்கு அடுத்தது வடிவம். ஜெனிசிஸ் 8-இன் அடிப்படை உருவத்தில் சுமார் 16,000 முகப்புகள் (வடிவத்தை ஆக்கும் சிறு பலகோணங்கள்). முகப்புகளைப் பிரித்து மென்மையாக்கும் ரெண்டர் சப்டி லெவல் ஒவ்வொன்று ஏறும்போதும் நான்கு மடங்கு: ஒன்றில் 64 ஆயிரம், இரண்டில் இரண்டரை லட்சம், மூன்றில் பத்து லட்சம், நான்கில் நாற்பது லட்சம். நுண்ணிய தசை மடிப்புகளோடு விற்கப்படும் உருவங்கள் மூன்றிலோ நான்கிலோ வந்து நிற்பது வழக்கம். தூரத்து உருவத்தை இரண்டுக்கு இறக்குங்கள், உடுப்பையும் சேர்த்து. இழை இழையாகச் செய்த முடி தனிச் சுமை. மறைத்துப் பார்த்தால் எவ்வளவு என்று தெரிந்துவிடும். அறையில் ஒரே நாற்காலி இருபது முறை இருந்தால் நகல் எடுக்காமல், ஒரே வடிவத்தைச் சுட்டும் இன்ஸ்டன்ஸாகப் போட்டு, இன்ஸ்டன்சிங் ஆப்டிமைசேஷனை மெமரி என்று வையுங்கள்.

இனி ஒளி. மெமரி பிரச்சினை தீர்ந்து கார்டே வரைய ஆரம்பித்தாலும் அறைக்குள் புள்ளிகள் முழுக்கப் போகாது, அது வேறு நோய். ஐரே ஒளிக்கதிர்களைத் தோராயமாக எறிந்து சராசரி எடுக்கிறது. இந்த இரைச்சல் புள்ளிகளைப் பாதியாக்க நான்கு மடங்கு சாம்பிள் (எறியும் கதிர்கள்) வேண்டும், கால் பங்காக்கப் பதினாறு மடங்கு. அடைத்த அறையில் ஜன்னல் வழியாக மட்டும் வெளிச்சம் வந்தால், பெரும்பாலான கதிர்கள் சுவரில் மோதி மோதிச் செத்துப்போகும். ஆகவே சாம்பிளைக் கூட்டுவதற்கு முன் வெளிச்சத்துக்கு வழி விடுங்கள்: கேமராவுக்குப் பின்னால் இருக்கும் சுவரையும், படத்தில் தெரியாத கூரையையும் மறையுங்கள். என்விரான்மென்ட் மோடில் டோம் அண்டு சீன் இருக்கிறதா என்று பாருங்கள். சீன் ஒன்லி என்றால் வெளி வானத்தின் ஒளி உள்ளே வரவே வராது. கேமராவின் ஹெட்லேம்ப் ஆட்டோவில் இருந்தால், காட்சியில் ஒரு விளக்கு சேர்த்த உடனே அது அணைந்துவிடும். "விளக்கு வைத்தேன், இருட்டாகிவிட்டது" என்ற புகாருக்கு அதுவே விடை.

டோன் மேப்பிங்கில் இருக்கும், படத்தின் வெளிச்ச அளவை முடிவு செய்யும் எக்ஸ்போஷர் வேல்யூவையும் தொட வேண்டும். அது 13-இல் நிற்கும். ஷட்டர் 128, எஃப் ஸ்டாப் 8, ஐஎஸ்ஓ 100 என்பதிலிருந்து வரும் எண் அது: 8×8×128 என்பது 8192, அதாவது இரண்டின் பதின்மூன்றாம் அடுக்கு. இது வெட்ட வெளிப் பகல் வெளிச்சத்துக்கான அமைப்பு. அறைக்குள் விளக்கின் லூமனைப் பத்து மடங்கு, நூறு மடங்கு என்று ஏற்றிக்கொண்டே போவதைவிட இந்த எண்ணை 8-க்கு இறக்குங்கள். ஒவ்வொரு படியும் இரண்டு மடங்கு, ஐந்து படியில் 32 மடங்கு வெளிச்சம். விளக்கின் வடிவம் பாயிண்ட் என்று இருந்தால் நிழல் கத்தியால் வெட்டியதுபோல விழும்; ரெக்டாங்கிள் அல்லது டிஸ்க் ஆக்கி 50 முதல் 100 செமீ அளவு கொடுங்கள். ஆயிரக்கணக்கான முகப்புகள் உள்ள பொருளை ஒளிரவிட்டால் ரெண்டர் இழுக்கும். ஒளிரும் பரப்பு ஒரு எளிய தட்டாக இருக்கட்டும்.

டிநாய்சரை நான் எதிர்க்கவில்லை, இடம் தெரிந்து போடச் சொல்கிறேன். அது மெமரியில் தனக்கும் ஒரு பங்கு கேட்கும். விளிம்பில் நிற்கும் காட்சியை அதுவே சிபியுவுக்குத் தள்ளிவிடக்கூடும். ஆக உங்களுக்குச் சொன்ன அந்த யோசனை, இந்த நிலையில் நோயைக் கூட்டியிருக்கும். சீக்கிரமே தொடங்கவிட்டால் தோல் துளைகளையும் இமை முடியையும் இரைச்சல் என்று நினைத்து வழித்துவிடும், முகம் மெழுகாகும். சில நூறு இட்டரேஷன் கழிந்தபின் தொடங்கும்படி வையுங்கள்.

கண்ணைச் சுற்றிய கறுப்புத் திட்டுக்கு உங்கள் அறை எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பாராமீட்டர்ஸில் உருவத்தின் எக்ஸ், இசட் ட்ரான்ஸ்லேட் எண்களைப் பாருங்கள். பெரிய நகரத் தொகுப்பின் ஓரத்தில் இருக்கும் அறை என்றால் அவை பல ஆயிரங்களில் இருக்கும். டாஸ் ஸ்டுடியோவில் ஓர் அலகு ஒரு சென்டிமீட்டர். 32 பிட் தசம எண்ணால் 1,00,000 செமீ தூரத்தில் சுமார் 0.008 செமீக்குக் குறைவான இடைவெளியைப் பிரித்துச் சொல்ல முடியாது. கருவிழிக்கும் அதன் மேலுள்ள ஈரப்படலத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளி மிகச் சிறியது, அந்தத் தூரத்தில் இரண்டும் ஒன்றை ஒன்று ஊடுருவி நிழல் கொட்டும். உருவம், அறை, கேமரா, விளக்கு எல்லாவற்றையும் ஒரு குரூப்பில் போட்டு, உருவம் பூஜ்ஜியத்துக்கு அருகில் வரும்படி குரூப்பை நகர்த்துங்கள். எண்கள் ஏற்கெனவே சிறியவை என்றால் காரணம் இது இல்லை. கண் பரப்புக்கு மேப் வந்து சேர்ந்ததா என்று பாருங்கள். காட்சியைத் திறக்கும்போது கோப்பு காணவில்லை என்று பட்டியல் வந்தால், பெரும்பாலும் ஜிப் பிரித்ததில்தான் தவறு: உள்ளடக்கக் கோப்புறைக்குள் டேட்டா, பீப்பிள், ரன்டைம் ஆகியவை நேராக இருக்க வேண்டும், கன்டென்ட் என்ற கோப்புறைக்குள் இன்னொரு கன்டென்ட் என்று ஒளிந்திருந்தால் நிரல் கண்டுபிடிக்காது. பம்ப், நார்மல், ரஃப்னெஸ் மேப்புகளை நீங்களே கையால் ஏற்றியிருந்தால் அவற்றின் காமா (வெளிச்ச அளவுகளைப் படிக்கும் வளைவு) 1 ஆக இருக்கிறதா என்றும் பாருங்கள். 2.2 காமா வண்ணப் படங்களுக்கு உரியது. எண்ணாகப் படிக்க வேண்டிய மேப்பை வண்ணமாகப் படித்தால் தோல் பளபளப்பு தாறுமாறாகும்.

தோள்பட்டை விஷயம் எளிது. உடுப்பை உடலுக்கு வெளியே தள்ளும் ஸ்மூதிங் மாடிஃபையர் சட்டைக்கு இருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் எடிட் மெனுவில் ஜியோமெட்ரி வழியாகச் சேர்த்து, கொலிஷன் ஐட்டம் (எதன் மேல் மோதாமல் விலக வேண்டுமோ அந்தப் பொருள்) உருவமாக இருக்கட்டும். மேலே கோட்டு, உள்ளே சட்டை என்றால் கோட்டின் கொலிஷன் ஐட்டம் சட்டை. அங்கே உருவத்தை வைப்பதால்தான் உள்சட்டை எட்டிப் பார்க்கிறது. கொலிஷன் இட்டரேஷனைச் சிறிது சிறிதாக ஏற்றுங்கள், அதிகமானால் பொத்தானும் கொக்கியும் ரப்பர்போல வளையும். அப்போதும் அடங்காவிட்டால், உடுப்பு முழுதாக மூடும் எலும்புப் பகுதியை சீன் பட்டியலில் கண் ஐகான் அணைத்து மறைத்துவிடலாம். அது ஏமாற்று வேலை இல்லை.

கார்டு, டிரைவர் பற்றி என்னால் எதுவரை சொல்ல முடியும் என்றால்: ஐரே ஜிபியு வேகம் என்விடியாவில் மட்டும்தான். ஒற்றை உருவம் கார்டில் நன்றாக ஓடுகிறது என்பதால் டிரைவர் அடியோடு கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் நீங்கள் டிரைவர் எண்ணைச் சொல்லவில்லை, ஆகவே அதை முழுதாக விலக்கவும் முடியாது. மேலே சொன்னதெல்லாம் செய்தும் லாக்கில் மெமரி பிழையே வந்தால் அப்போது பெரிய கார்டு பற்றி யோசிக்கலாம். அந்தக் கட்டத்திலும் இரண்டாவது 8 ஜிபி கார்டு சேர்த்தால் 16 ஆகும் என்று வாங்கிவிடாதீர்கள். முழுக் காட்சியும் ஒவ்வொரு கார்டுக்குள்ளும் தனித்தனியே அடங்க வேண்டும். வேகம் கூடும், கொள்ளளவு கூடாது. வேகம் குறைந்த 16 ஜிபி கார்டு, வேகமான 8 ஜிபி கார்டைவிட உங்கள் வகைக் காட்சிக்கு உதவும்.

அடுத்த முறை உதவி கேட்கும்போது டாஸ் ஸ்டுடியோவின் முழுப் பதிப்பு எண், கார்டின் பெயரும் மெமரியும், டிரைவர் எண், முதல் பிழை வரியைச் சுற்றிய ஐம்பது வரி லாக், சர்ஃபேசஸ் பகுதி திறந்த முழுத்திரைப் படம், நீங்கள் மாற்றிப் பார்த்தவை, ஒவ்வொன்றுக்கும் கிடைத்த விளைவு ஆகியவற்றைச் சேர்த்துத் தாருங்கள். லாக்கில் வரும் கோப்புப் பாதைகளில் உங்கள் கணினிப் பயனர் பெயர் இருக்கும், அதை அழித்துவிடுங்கள். விலைக்கு வாங்கிய உருவத்தின் கோப்பைப் பிறருக்கு அனுப்ப உரிமை இருக்காது. ஆகவே இலவசமாகக் கிடைக்கும் ஜெனிசிஸ் 8 அல்லது ஜெனிசிஸ் 9 அடிப்படை உருவத்தில் அதே பழுதை வரவைத்துப் பாருங்கள். வந்தால் உதவ வருபவர் தன் கணினியிலேயே அதைத் திறந்து பார்க்க முடியும். வராவிட்டால் பழுது நீங்கள் வாங்கிய உருவத்தின் மேப்பிலோ வடிவத்திலோ இருக்கிறது, தேட வேண்டிய இடம் அங்கேயே பாதியாகிவிடும். இப்போதைக்கு டெக்ஸ்சர் கம்ப்ரெஷன் எண்கள் இரண்டையும், லாக்கின் கடைசியில் இருக்கும் சாதனக் கணக்கையும் இங்கே எழுதுங்கள். மெமரிதானா என்பதை அந்த நான்கைந்து வரியிலேயே சொல்லிவிடலாம்.